வெள்ளியில் நாலு அன்னம்: பின்னல் உருகிக் கட்டியாகிவிடுகிறது, யாராவது கைகொடுங்கள்

கால்வே சுந்தர்:

வணக்கம். ரெண்டு வருஷமா இந்தப் பக்கத்தை ஓரமா நின்னு படிச்சிட்டு மட்டும் போனவன். இன்னைக்கு வேற வழியில்லாம வாயைத் திறக்கிறேன்.

நான் அயர்லாந்துல கால்வேயில இருக்கேன். பகல்ல கம்ப்யூட்டர், ராத்திரி பையன் தூங்கினப்புறம் சமையலறை மேசையில வெள்ளி. இதுவரைக்கும் மோதிரம், தோடு, ஒரு கொலுசு (கொலுசுல ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. வீட்டுக்காரி பாவம், போட்டுக்கிட்டா). வீட்டுக்காரி இங்க ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ். அவங்க வார்டு சிஸ்டர் ரெண்டு மாசத்துல ரிடையர் ஆகறாங்க. நாங்க ஊருக்குப் புதுசா வந்தப்ப, முதல் குளிர்காலத்துல தன் வீட்டுக் கம்பளிப் போர்வையைத் தூக்கிக்கிட்டு மூணாவது மாடி ஏறி வந்தவங்க. வார்டுல எல்லாரும் காசு போட்டு ஏதாவது வாங்கலாம்னு பேசிட்டிருந்தப்ப, "எங்க வீட்டுல அவரே நகை செய்வாரே"ன்னு இவ சொல்லிட்டா. முடிஞ்சது கதை.

அந்த அம்மாவுக்கு மேயோ மாவட்டத்துல எரிஸ். அவங்க ஊர்க் கதை வேணும்னு முடிவாச்சு: லிர் பிள்ளைகள். தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. லிர்னு ஒரு தலைவன், அவனுக்கு நாலு பிள்ளைங்க. மூத்தவ ஃபின்னூலா, கூட மூணு தம்பிங்க. சித்தி ஈஃபா பொறாமையில நாலு பேரையும் அன்னமா மாத்திடறா. டெரவாரா ஏரியில 300 வருஷம், ஸ்காட்லாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவுல இருக்கிற மொய்ல் கடல்ல 300, கடைசி 300 மேற்குக் கரையில, அதாவது இந்த சிஸ்டரோட எரிஸ் பக்கம். குளிர் தாங்காத ராத்திரிகள்ல ஃபின்னூலா தம்பிங்களைத் தன் இறக்கைக்கு அடியில வச்சு அணைச்சுப்பா. டப்ளின்ல பார்னெல் சதுக்கத் தோட்டத்துல இவங்க அன்னமா மாறுற சிலை இருக்கு, 1971ல வச்சது. போன மாசம் அதைப் பார்க்கவே பஸ் ஏறிப் போனேன். மழையில நனைஞ்சுதான் மிச்சம்.

என் யோசனை: நாலு அன்னத்தோட கழுத்தும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போற மாதிரி ஒரு கெல்டிக் முடிச்சு (இந்த ஊர்ப் பழைய பின்னல் வேலை), அதை ஒரு ப்ரூச்சா, அதாவது துணி மேல குத்திக்கிற நகையா, ஆக்கணும். 1 மி.மீ. ஸ்டெர்லிங் (செம்பு கலந்த வெள்ளி) கம்பி நாலை எடுத்து மேல கீழ மேல கீழன்னு பின்னினேன். பின்னல் நல்லாத்தான் வந்தது. ஒவ்வொரு சந்துலயும் மீடியம் சால்டர் (உருகி ஒட்ட வைக்கிற பொடி) வச்சு நெருப்பு ஊதினேன். சால்டர் எல்லாச் சந்துலயும் ரொம்பி, மேல கீழங்கிறதே தெரியாம ஜவ்வரிசிக் கூழ் மாதிரி ஆச்சு. ரெண்டாவது தடவை கம்பியே உருகி உருண்டையாயிடுச்சு. தப்பிச்ச ஒண்ணுல தேய்க்கத் தேய்க்க ஊதாவும் கறுப்புமா திட்டு வருது. ஆசிட்ல போட்டா இளஞ்சிவப்பா வெளிய வருது. அது என்ன கூத்துன்னும் புரியலை.

இன்னொண்ணு. நெட்ல பார்த்தா இந்த முடிச்சுன்னா முடிவில்லா அன்பு, அந்த முடிச்சுன்னா ஆன்மாவின் பயணம்னு எழுதியிருக்கான். கார்டுல ஏதாவது எழுதணும். இதெல்லாம் நிஜமா?

வெள்ளிக்காசு77:

தம்பி, இவ்வளவு மெனக்கெடணுமா? ரெடிமேட் வார்ப்பு முடிச்சு ஆன்லைன்ல கிடைக்குது. வாங்கிப் பின்னாடி ஒரு முள்ளை ஒட்டிக் குடுங்க. யாருக்குத் தெரியப்போகுது.

கால்வே சுந்தர்:

அண்ணே, எனக்குத் தெரியுமே.

பத்தர் மகள்:

சுந்தர் தம்பி, நான் கார்க்ல இருக்கேன், உங்களுக்குத் தெற்கே மூணு மணி நேரம். அப்பா கும்பகோணத்துல பத்தர். நான் பட்டறையில வளர்ந்தேனே தவிர வேலை கத்துக்கலை, பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்குன்னு விட்டுட்டாங்க. இங்க வந்து நாப்பது வயசுல ராத்திரி வகுப்புல கத்துக்கிட்டேன். அப்ப அப்பா வாயில கேட்ட வார்த்தை ஒவ்வொண்ணும் திரும்ப வந்தது. அதனால கொஞ்சம் நீளமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கங்க.

உங்க கம்பி ஏன் உருகிச்சுன்னு முதல்ல பார்ப்போம். தூய வெள்ளி 961 டிகிரி வரைக்கும் அசையாம நிக்கும். ஸ்டெர்லிங்ல நூத்துக்கு 7.5 பங்கு செம்பு. அது 800ஐத் தாண்டினதுமே உள்ளுக்குள்ள இளக ஆரம்பிச்சிடும். உங்க மீடியம் சால்டர் ஓடறதுக்கே 700க்கு மேல வேணும். அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துலதான் நம்ம பொழப்பு. 1 மி.மீ. கம்பி அதைத் தாண்ட ஒரு மூச்சு போதும். அதுவும் நீங்க ஒவ்வொரு சந்தா ஊதியிருக்கீங்க, இருபதாவது சந்துக்கு வரும்போது முதல் சந்து எத்தனை தடவை வெந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

சால்டர் கூழானதுக்குக் காரணம் வேற. உருகின சால்டர், சூடு எங்க அதிகமோ அங்க ஓடும். ரெண்டு கம்பி உரசிக்கிட்டு நிக்கிற இடுக்கு கிடைச்சா துணியில தண்ணி ஏறுற மாதிரி ஏறும். பின்னல்னா முழுக்க இடுக்குதான். நீங்க வச்ச பொடி அத்தனையும் ஊர்வலம் போயிருக்கு. "பொடி வச்சுப் பேசாதே"ன்னு ஊர்ல சொல்றோமே, அது பட்டறையிலேர்ந்து வந்த பேச்சுன்னு அப்பா சொல்வார். வச்சது தெரியாம ஒட்டணும். உங்களுது மேடை போட்டுப் பேசின மாதிரி ஆயிடுச்சு.

ஊதாத் திட்டு அழுக்கு இல்லை. ஊதும்போது காத்து உள்ள போய் அந்த 7.5 பங்கு செம்பைப் பிடிச்சுக்கிட்டுத் தோலுக்கு அடியில உக்கார்ந்திருக்கு. மேல தேய்ச்சா அடியில இருக்கிறது வெளிய வரும், அதான் தேய்க்கத் தேய்க்க வருது. அடுத்த தடவை ஊதறதுக்கு முன்னாடி போரிக் ஆசிட் பொடியை மெத்திலேட்டட் ஸ்பிரிட்ல கலக்கி, நகையை முக்கி எடுத்துக் கொளுத்திடுங்க. பச்சையா எரிஞ்சு அடங்கும், மேல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளைப் பூச்சு நிக்கும். அதுதான் கவசம். ஸ்பிரிட் பாட்டிலை மூடி வேற ரூம்ல வச்சிட்டுத்தான் கொளுத்தணும். என் சமையலறைத் திரைச்சீலைக்கு ஏன் ஒரு பக்கம் குட்டைன்னு நான் இங்க சொல்லப்போறதில்லை.

இளஞ்சிவப்புக்குக் காரணம் உங்க கையில இருக்கிற சாமணம். இரும்பு சாமணத்தை ஆசிட்குள்ள விட்டிருப்பீங்க. ஆசிட்ல ஏற்கெனவே கரைஞ்சு கிடக்கிற செம்பு, இரும்பு உள்ள வந்ததும் வெள்ளி மேல படிஞ்சிடும். செம்புலயோ பிளாஸ்டிக்லயோ ஒரு இடுக்கி வாங்கிக்கங்க. இல்லைன்னா அப்பா மாதிரி புளித்தண்ணியில கொதிக்க வைங்க. அவர் வெள்ளிக்கு அதைத்தான் செய்வார், கடைசியில பூந்திக்கொட்டைத் தண்ணி.

இப்ப முக்கியமான விஷயம். நீங்க நினைக்கிற மாதிரி கம்பியைப் பின்னி ஒவ்வொரு சந்தையும் ஊதி ஒட்டற வேலையை நான் பார்த்த பழைய நகை எதுலயும் காணலை.

இங்கிலாந்துல நார்ஃபோக்ல ஸ்னெட்டிஷாம்ங்கிற இடத்துல 1950ல கிடைச்ச ஒரு கழுத்து வளையம் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கு. கிறிஸ்துவுக்கு முந்தினது. ஒரு கிலோ எடை, பொன்னும் வெள்ளியும் கலந்தது. 8 கம்பியை முறுக்கி ஒரு புரி, அப்படி 8 புரியைச் சேர்த்து முறுக்கி ஒரு வடம், ஆக 64 கம்பி. நடுவுல எங்கயும் ஒட்டு கிடையாது, முறுக்குதான் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ரெண்டு முனையில மட்டும் உருக்கி வார்த்த குமிழ். அவ்வளவு பெரிய வேலைக்காரன் நடுவுல கை வைக்கலை பாருங்க.

டாரா ப்ரூச் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், டப்ளின் கில்டேர் ஸ்ட்ரீட் மியூசியத்துல இருக்கு. சுமார் 700ஆம் ஆண்டு வேலை. வளையம் 8.7 செ.மீ.தான், நம்ம உள்ளங்கைக்குள்ள அடங்கிடும். அதுல இருக்கிற பொன் கம்பி வேலையைக் கண்ணாடிப் பெட்டியில மூக்கை ஒட்டி வச்சுப் பார்த்தாலும் பாதிதான் தெரியும். அங்க கம்பியைத் தனியா ஒரு மெல்லிய பொன் தகட்டு மேல ஒட்டி முடிச்சிட்டு, அந்தத் தகட்டை ப்ரூச்சுல இருக்கிற பள்ளத்துல இறக்கி, ஓரத்து உலோகத்தை உளியால சின்னச் சின்னதாக் கிளப்பி மடிச்சுப் பிடிக்க வச்சிருக்கான். தையல் போட்ட மாதிரி. ப்ரூச்சோட உடம்பு தனியா வார்த்தது. எதைச் சூடு காட்டணும், எதுக்குச் சூடே காட்டக்கூடாதுன்னு பிரிச்சு வச்சிருக்கான், அதுதான் அந்த வேலையோட சூட்சுமம்.

முடிச்சோட அர்த்தம் கேட்டீங்க. கார்டுல தயவுசெஞ்சு அதை எழுதாதீங்க. ஸ்விட்சர்லாந்துல லா டென் ஏரிக்கரையில 1857லேர்ந்து தோண்டி எடுத்ததெல்லாம் இருக்கே, அதுதான் பழைய கெல்ட்டுக்காரங்க கை. அதுல முடிச்சே கிடையாது. சுழி, கொடி, ஊதின எக்காளம் மாதிரி வளைவுதான். மேல கீழ போற பின்னல் இந்தத் தீவுக்கு 7ஆம் நூற்றாண்டுவாக்குலதான் வருது, ஆங்கிலோ சாக்சன் (அந்தக் காலத்து இங்கிலாந்துக்காரங்க) நகை வழியாவும் மத்தியதரைக்கடல் பக்கத்துப் பின்னல் வழியாவும். இங்க இருந்த துறவிங்களும் பொற்கொல்லனும் அதை எடுத்து எங்கயோ கொண்டுபோயிட்டாங்க, அது அவங்க சாமர்த்தியம். ஆனா இந்த முடிச்சுக்கு இதுதான் அர்த்தம்னு அவங்க யாரும் எழுதி வைக்கலை. அன்பு, ஆன்மா எல்லாம் கடைக்காரன் அட்டையில பின்னாடி ஏறினது. கடைக்காரன் கதைன்னா டாராங்கிற பேரே அதுதான். 1850ல பெட்டிஸ்டவுன் கடற்கரைப் பக்கம் கிடைச்ச ப்ரூச்சு. வாங்கின நகைக்கடைக்காரர் வாட்டர்ஹவுஸ், பழைய ராஜாக்களோட மலை டாராவாச்சே, பேர் எடுக்கும்னு வச்சிட்டார். அந்த மலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த வருஷமே லண்டன் மகா கண்காட்சியில வச்சாங்க, காப்பி அடிச்சு வித்த ப்ரூச்சுக்குக் கணக்கில்லை.

அப்ப என்ன செய்யறதுன்னு கேட்பீங்க. கதையை இன்னொரு தடவை படிங்க, முடிவுகிட்ட. 900 வருஷம் முடியற சமயத்துல இனிஷ்குளோராத் தீவுல ஒரு துறவியோட மணிச்சத்தம் கேட்டு அன்னங்க கரைக்கு வருதுங்க. அந்தத் துறவி ஒரு நல்ல வேலைக்காரனைக் கூப்பிட்டு ரெண்டு மெல்லிசு வெள்ளிச் சங்கிலி செய்யச் சொல்றார். நாலு பேரும் ரெண்டு ஜோடி இரட்டைப் பிள்ளைங்க. ஃபின்னூலாவுக்கும் மூத்த தம்பிக்கும் நடுவுல ஒரு சங்கிலி, கடைசி ரெண்டு பேருக்கும் நடுவுல ஒண்ணு.

உங்க நகை கதைக்குள்ளயே இருக்கு. கழுத்தைப் போட்டு ஏன் முறுக்கறீங்க?

வாய் திறந்த வட்டப் ப்ரூச்சு ஒண்ணு செய்யுங்க. வளையத்தோட ரெண்டு முனையிலயும் ஒரு ஜோடி அன்னம். அதை மெழுகுல செதுக்கி வார்க்கக் குடுத்திடுங்க. ஒரு இறக்கை இன்னொண்ணுக்கு மேல போறது, கழுத்து கழுத்துக்கு அடியில போறது எல்லாம் மெழுகுல கத்தியால வெட்டினா போதும், உருகுமோன்னு பயமில்லை. பழைய ஆளுங்களும் மெழுகுல மாதிரி செஞ்சு களிமண் அச்சுல எடுத்துத்தான் வார்த்தாங்க. ஸ்காட்லாந்துல டனாட் கோட்டையில இந்த மாதிரி ப்ரூச்சு வார்த்த உடைஞ்ச களிமண் அச்சு நிறையக் கிடைச்சிருக்கு. மெழுகை எடை போட்டுப் பத்தரையால பெருக்கினா வெள்ளி எவ்வளவு ஆகும்னு வந்திடும்.

சங்கிலி மட்டும் கையால. அதுக்கு ஒட்டே வேண்டாம். டெரினாஃப்ளன்னு டிப்பரரி மாவட்டத்துல 1980ல ஒரு புதையல் கிடைச்சது, பூசைப் பாத்திரங்கள். அதுல இருக்கிற தட்டோட விளிம்பைச் சுத்தி வெள்ளியும் செம்புமா கம்பியில பின்னின வலை ஓடுது, ஸ்வெட்டர் பின்ற மாதிரி. எங்க டீச்சர் அந்தப் படத்தைக் காட்டி இந்தப் பின்னலுக்குப் பேர் "ட்ரிச்சினோபொலி"ன்னாங்க. நான் என்ன சொன்னீங்கன்னு ரெண்டு தடவை கேட்டேன். திருச்சிராப்பள்ளிதான்! நம்ம திருச்சித் தட்டாருங்க பின்னின கம்பிச் சங்கிலி விக்டோரியா காலத்துல இங்க வந்து பிரபலமாகி, அந்தப் பேரை இந்த ஊர் அகழாய்வுக்காரங்க ஆயிரம் வருஷம் பழைய பின்னலுக்கு வச்சிட்டாங்க. வேலை இங்க தானா வளர்ந்தது, பேர் மட்டும் மலைக்கோட்டை. அன்னைக்கு ராத்திரி அப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "கும்பகோணம்னு வைக்கலியா?"ன்னார்.

பின்ற விதம் கேட்டா அடுத்த பதிவுல எழுதறேன். அடுப்புல சாம்பார்.

கோலப்பொடி:

பத்தர் மகள் அக்கா எழுதினதைப் படிச்சிட்டுச் சும்மா போக முடியலை. நகை பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது, திருவையாறு, வாசல்ல கோலம் போடுறவ. ஆனா அந்தத் தம்பி கழுத்தும் இறக்கையும் செதுக்கும்போது எது மேல எது கீழன்னு குழம்பப்போறார், அதுக்கு மட்டும்.

சிக்குக் கோலம் எடுத்துக்கங்க. புள்ளி வச்சு, புள்ளியைச் சுத்திக் கோடு ஓடி, தன்னையே வெட்டிக்கிட்டு ஆரம்பிச்ச இடத்துக்கு வரும். நாம மாவுல போடறதால மேல கீழ காட்டறதில்லை. இப்ப அதே கோலத்தைப் பேப்பர்ல போட்டு, பென்சிலைக் கோட்டு மேலயே நகர்த்திட்டுப் போங்க. முதல் வெட்டுல மேல, அடுத்ததுல கீழ, திரும்ப மேல. திரும்ப அதே வெட்டுக்கு மறுபக்கமா வரும்போது மோதுமோன்னு தோணும். மோதவே மோதாது. கோடு மூடின கோடா இருந்தா எப்பவும் சரியா உக்காரும், கணக்குலயே நிரூபிச்சிருக்காங்க. என் பொண்ணு காலேஜ்ல படிச்சிட்டு வந்து சொன்னப்ப, இதுக்கு எதுக்கு நிரூபணம், தினம் காலையில வாசல்ல நிக்குதேன்னேன்.

அங்க இருக்கிற முடிச்சும் புள்ளிக் கட்டம் போட்டுத்தான் வரையறாங்கன்னு ஒரு வீடியோவுல பார்த்தேன். எங்க கோட்டைத் திருப்பணுமோ அங்க ஒரு சுவர் வச்சுக்கறாங்க. நாம அதைச் சுவர்னு சொல்றதில்லை, கை தானா திரும்பிடும். நகைக்காரத் தம்பி, மெழுகைத் தொடறதுக்கு முன்னாடி பேப்பர்ல ஒரு அம்பது தடவை போடுங்க.

பத்தர் மகள்:

கோலப்பொடி அக்கா சொன்னதை இங்க பழைய ஆளுங்களும் செஞ்சிருக்காங்க, பேப்பருக்குப் பதிலா எலும்பு. மீத் மாவட்டத்துல லகோர்னு ஏரிக்குள்ள கட்டின ஒரு குடியிருப்பைத் தோண்டினப்ப, முடிச்சு செதுக்கிப் பழகின எலும்புத் துண்டுங்க கிடைச்சுது. கைபழகறதுக்கு மாட்டெலும்பு.

சரி, சங்கிலி. 0.4 மி.மீ. தூய வெள்ளிக் கம்பி வாங்குங்க, ஸ்டெர்லிங் வேண்டாம். தூய வெள்ளி வெண்ணெய் மாதிரி வளையும், செம்பு இல்லாததால ஊதாத் திட்டும் வராது. ஆனா முதல்ல செம்புக் கம்பியில ஒரு சாண் பின்னிப் பழகிட்டு வெள்ளியைத் தொடுங்க.

ஒரு பென்சில் எடுத்துக்கங்க. வேண்டாத செம்புக் கம்பியில அஞ்சு இதழ் பூ மாதிரி அஞ்சு கண்ணி வளைச்சு, பென்சில் தலையில கவுத்துக் கீழே மடக்கி விடுங்க. இது பிடிமானத்துக்கு மட்டும், கடைசியில வெட்டி எறிஞ்சிடுவோம். இப்ப நல்ல கம்பியில அரை மீட்டர் வெட்டி, ஒரு கண்ணியோட ரெண்டு காலுக்கும் பின்னாடி, பென்சிலுக்கும் கண்ணிக்கும் நடுவுல, வலப்பக்கமா நுழைச்சு இடப்பக்கமா எடுங்க. எடுத்த கம்பி தன்னையே தாண்டி வலப்பக்கம் அடுத்த கண்ணிக்குப் போகட்டும். ஒரு கொக்கி விழுந்திருக்கும். அடுத்த கண்ணி, அதுக்கடுத்தது. ஒரு சுத்து முடிஞ்சதும் இனிமே பூவை மறந்திடுங்க, போன சுத்துல நீங்க போட்ட கொக்கியோட ரெண்டு காலுக்குப் பின்னாடி நுழைக்கணும். இதேதான் கடைசி வரைக்கும். ஒரு கால்ல மட்டும் மாட்டினா சங்கிலி சாய ஆரம்பிக்கும். எண்ணிக்கிட்டே செய்யுங்க, அஞ்சு அஞ்சா.

கம்பி தீர்ந்தா புதுக் கம்பியோட வாலைப் பழைய வாலோட சேர்த்துப் பென்சில் பக்கம் உள்ளே விட்டுப் பின்னிக்கிட்டே போகலாம், வெளிய தெரியாது. பென்சிலை உருவினா லொடலொடன்னு ஒரு குழாய் கிடைக்கும். பார்த்து மனசு ஒடிஞ்சிடாதீங்க. தடிமனான மரப்பலகையில 7 மி.மீ.லேர்ந்து 3 மி.மீ. வரைக்கும் வரிசையா ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டையா இழுங்க. அப்பா கம்பி இழுக்கிற அச்சு மாதிரியேதான், இது மரம். மூணாவது ஓட்டையில அது திடீர்னு சங்கிலியாயிடும். நீளமும் கூடும், அதனால உங்களுக்கு வேண்டியதுல பாதி பின்னினாப் போதும். முனையில சின்னக் குப்பி மாட்டி, அதுல மட்டும் ஒரே ஒரு துணுக்கு சால்டர்.

சங்கிலியை ப்ரூச்சோட வாய்க்குக் குறுக்கே மாட்டிடாதீங்க. முள் அந்த வாய் வழியாத்தான் போகணும். துணியில குத்தி எடுத்து, வாய் வழியா வளையத்துக்கு மேல கொண்டுவந்து, வளையத்தைக் கொஞ்சம் திருப்பினாத்தான் பூட்டிக்கும். ஒரு முனையில இருக்கிற ஜோடிக்கு ஒரு சங்கிலி, மறுமுனை ஜோடிக்கு ஒண்ணு, கழுத்துக்குக் கழுத்து. கதையில இருக்கிற மாதிரியே.

பெல்ஃபாஸ்ட் மாமா:

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். வார்டுல காசு சேர்த்துக் குடுக்கறாங்கன்னு தம்பி எழுதியிருக்கார். காசு வாங்கிக்கிட்டு "வெள்ளி"ன்னு சொல்லிக் குடுத்தா அது விற்பனை, பரிசு இல்லை. இங்க வட அயர்லாந்துல பிரிட்டிஷ் சட்டம், 7.78 கிராமுக்குக் குறைவான வெள்ளிக்குத் தர முத்திரை வேண்டாம். உங்களுக்கு அயர்லாந்துச் சட்டம், டப்ளின் அஸே ஆபீஸ், அதாவது வெள்ளியைச் சோதிச்சு முத்திரை அடிக்கிற இடம். 1637ல சாசனம் வாங்கின பொற்கொல்லர் சங்கத்தோடது. பேர் பதிஞ்சு உங்களுக்குன்னு ஒரு முத்திரை வாங்கணும், அதுக்கு நாள் ஆகும். முதல்லயே போன் பண்ணிக் கேட்டிடுங்க. அனுப்பறதா இருந்தா கடைசி பாலிஷுக்கு முன்னாடி அனுப்புங்க, முத்திரை அடிச்ச இடம் கொஞ்சம் பிதுங்கும். அந்த அக்கா சொன்ன செம்புப் பூ சங்கிலிக்குள்ள ஒரு துண்டு மிஞ்சினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க. எனக்கு ஒரு தடவை எஃகு முள்ளு வச்சதுக்குத் திரும்பி வந்தது.

கால்வே சுந்தர்:

எல்லாருக்கும் நன்றி. மூணு வாரம் கழிச்சு வர்றேன்.

மாமா, போன் பண்ணினேன். பேர் பதிஞ்சாச்சு. ரெண்டு எழுத்துக்கு ஆசைப்பட்டேன், அது வேற யாருகிட்டயோ இருக்காம், மூணு எழுத்து கிடைச்சது.

கோலப்பொடி அக்கா, அம்பது தடவை போடலை, பதினேழு போட்டேன். அம்மாவுக்கு வீடியோ கால்ல காட்டினேன், "அன்னத்தைக் கோலமா போட்டா கழுத்து இப்படியா வளையும்"னு அவங்க ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டினாங்க. அதைத்தான் செதுக்கினேன்.

மெழுகு ரெண்டு தடவை உடைஞ்சது, ரெண்டும் ஃபின்னூலா கழுத்துலதான். மூணாவது தடவை கழுத்தைத் தனியா நிக்க விடாம தம்பி முதுகு மேல சாய்ச்சுட்டேன். கதைக்கும் அதுதான் பொருத்தமா இருக்கு. மெழுகு 2.2 கிராம், வார்த்து வந்தது 23 கிராமுக்குக் கொஞ்சம் கூட. அக்கா கணக்கு சரி. வார்ப்புல இறக்கைக்கு அடியில மட்டும் ஒரு குமிழி. அரத்தால ராவி, அந்த இடத்துல இறகு மாதிரி ரெண்டு கோடு வெட்டி மறைச்சேன்.

சங்கிலிதான் கதை. செம்புல பின்னின முதல் சாண் பாம்பு மாதிரி சாய்ஞ்சது, நீங்க சொன்ன அதே ஒத்தைக்கால் தப்பு. ரெண்டாவது பரவாயில்லை. வெள்ளியில வந்தப்ப ராத்திரி ஒரு மணி, பலகையில மூணாவது ஓட்டையில இழுக்கறேன், சட்டுனு கைக்குள்ள மெத்துன்னு ஒண்ணு வந்தது. வீட்டுக்காரியை எழுப்பிக் காட்டினேன். "காலையில டியூட்டி எனக்கு"ன்னு திரும்பிப் படுத்துட்டா. ஆனா சங்கிலியைக் கையிலயே வச்சுக்கிட்டுத் தூங்கினா.

கார்டுல முடிச்சு அர்த்தமெல்லாம் எழுதலை. ரெண்டு சங்கிலிக்கும் கணக்கு மட்டும் எழுதியிருக்கேன், யாருக்கும் யாருக்கும் நடுவுலன்னு. எரிஸ்காரங்களுக்கு மீதி தெரியும்.

ஒரே ஒரு தொல்லை. முள். வளையத்துல மாட்டற கண்ணியை ஊதி ஒட்டினேன், அழகா ஒட்டிச்சு. கம்பளிக் கோட்டுல குத்திப் பார்த்தா முள்ளு வில்லா வளையுது. 1.6 மி.மீ. கம்பி, வளையக்கூடாதே?

பத்தர் மகள்:

ஊதினீங்க இல்லை, செவக்கக் காய்ச்சின கம்பி பஞ்சாட்டம் ஆயிடும். எவ்வளவு தடிமன் இருந்தாலும் அப்படித்தான். அந்த முள்ளை எடுத்துப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு செய்யுங்க, ஒட்டே இல்லாம. 2 மி.மீ. கம்பி எடுத்து ஒரு முனையை அடைகல்லு மேல வச்சுத் தட்டித் தகடாக்கி, அந்தத் தகட்டை வளையத்தைச் சுத்தி மடக்கி விட்டுடுங்க. பழைய ப்ரூச்சு முள்ளெல்லாம் அப்படித்தான், மடிப்புதான் கீல். அப்புறம் முள்ளு உடம்பை உருட்டி உருட்டி லேசா சுத்தியலால தட்டுங்க, முழு நீளத்துக்கும். தட்டத் தட்ட விறைக்கும். விரலால சுண்டினா டிங்குன்னு கேக்கணும், அதுவரைக்கும். நுனியை ரொம்பக் கூராக்காதீங்க, கம்பளி இழை விலகினா போதும், அறுக்கக்கூடாது. அதுக்கப்புறம் அந்த ப்ரூச்சுகிட்ட நெருப்பையே கொண்டுபோகாதீங்க.

கால்வே சுந்தர்:

சரிக்கா. பாதி தட்டியிருக்கேன், இன்னும் டிங்கு வரலை. சுத்தியல் சத்தத்துல பையன் முழிச்சிட்டான். மீதி நாளைக்கு.